ஒரு பெயருக்கு இரண்டு வாத்தியார்

ஒருவருக்குப் பெயர் வைப்பது மற்றவர்கள் கூப்பிடுவதற்காகத்தான் என்று பெயர் வைக்கிறவர்கள் நம்புகிறார்கள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்த வாத்தியார் விஷயத்தில் இந்த நம்பிக்கை பலிக்கவில்லை. வீட்டில் மனைவிக்கு அவர் 'என்னங்க'. அடுத்த அறையில் இருந்தால் 'உங்களைத்தான்'. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும்போது 'இவர்'. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'எங்க வீட்டு மனுஷன்'. மகளுக்கு அப்பா, மச்சினனுக்கு அத்தான், மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் 'கார் அங்கிள்', டீக்கடையில் வெறும் அண்ணன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர், பெற்ற தாயும் தகப்பனும். அவர்கள் போகும்போது அந்தப் பழக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது டிரைவிங் பள்ளி ஒன்றுதான். தினமும் காலையில் அலுவலக ஜன்னல் திறக்கும். உள்ளே போன், பூட்டு, சாவி, முதலாளியின் கோபம் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் அக்கா தலையை நீட்டுவாள். வாத்தியாரின் பெயரைச் சொல்லி, அதன் வாலில் ஒரு 'சார்' ஒட்டி, "உங்ககிட்டக் கத்துக்கற ஆளு வந்தாச்சு!" என்று தெருவே கேட்கக் கூவுவாள். வாத்தியார் காருக்குப் பின்னால் குனிந்து டயரை ஆராய்வதுபோல் நின்றுகொள்வார். காது கேட்காமல் இல்லை. முதல் தடவையே திரும்பிவிட்டால் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாளே!

அந்தப் பெயருக்கு, எதிர்த்து நின்றவர்களையெல்லாம் வென்றவன் என்று அர்த்தம். எதிர்த்து நின்றவர்கள் என்று அவர் வாழ்க்கையில் பெரிதாக யாரும் கிடையாது; குறுக்கே வந்தவர்கள் உண்டு, அவர்களுக்கு ஹாரன் அடிப்பார். பெயர் வந்த கதை இதைவிட வீரமானது. அவருடைய அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சுவருக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பிறந்தார். வழக்கை ஜெயித்துக்கொடுத்த வக்கீலின் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார் அப்பா. சுவர் அடுத்த மழையில் விழுந்துவிட்டது. பெயர் நின்றுவிட்டது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பெயருக்குள் ஒருநாள் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

முதலாளி புதிதாக ஒரு வாத்தியாரைச் சேர்த்திருந்தார். ஆள் நெடுநெடுவென்று உயரம், வயது முப்பதைத் தொட்டிருக்காது, பேச்சு எண்ணெய் போட்ட கதவுபோலச் சத்தமே இல்லாமல் திறந்து மூடும். அறிமுகப்படுத்தும்போது அவர் பெயரைக் கேட்ட நம் வாத்தியார், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து "ம்?" என்றார்.

"அட, ரெண்டு பேருக்கும் ஒரே பேரா!" என்று முதலாளி சிரித்தார். "சரி, முன்னாடி அப்பா பேரோட எழுத்தைச் சேர்த்துக்கலாம்."

இரண்டு அப்பாக்களும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தார்கள்.

"கண்டவன் பேரையெல்லாம் வச்சா இப்படித்தான்," என்றாள் ஆபீஸ் அக்கா. யாருடைய அப்பாவைச் சொன்னாள் என்பது தெளிவாகவில்லை. நம் வாத்தியார் தன்னுடைய அப்பாவை என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

ஆரம்பத்தில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. வந்தவருக்குப் 'புது' என்று ஒரு ஒட்டுப் போட்டார்கள். இவர் ஒட்டில்லாமல், சொந்தப் பெயரோடு, பழைய மரியாதையோடு இருந்தார். ஆனால் ஒட்டு என்பது மழைக்காலத்து வாசல் மிதியடி மாதிரி, யார் எப்போது நகர்த்தினார்கள் என்றே தெரியாது. புதியவரிடம் கற்றுக்கொண்டவர்கள் போய்த் தங்கைக்கும் அண்ணிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல, எல்லாரும் அந்தப் பெயரைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். 'புது' தேவைப்படாமல் உதிர்ந்தது. அப்புறம் நம்மவரைப் பிரித்துச் சொல்ல ஏதாவது வேண்டுமே? ஆபீஸ் அக்கா 'பழைய' என்று முன்னால் வைத்தாள். அவசரத்தில் பெயர் கழன்று விழுந்தது. "பழசு எங்க, வண்டியோட லைனுக்குப் போயிடுச்சா?" என்று அவள் போனில் கேட்டதை அவரே காதாரக் கேட்டார். அஃறிணையாகவே ஆகிவிட்டார் மனிதர்.

உலகத்தில் பாதிப் பேருடைய இரண்டாம் பெயர் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஒரே தெருவில் ஒரே பெயரோடு இரண்டு பேர் இடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவனைக் கொல்லன் என்றும் ஒருவனை நொண்டி என்றும் ஊர் பிரித்திருக்கும். கொல்லனின் பேரன் இன்று அதைப் பெருமையாகக் கையெழுத்தில் போடுகிறான். நொண்டியின் பேரன் அந்தப் பெயருக்கு ஏதாவது அரச வம்ச அர்த்தம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறான். பழசும் தேடினார். அர்த்தம் கையில்தான் இருந்தது. வண்டி பழசு, செருப்பு பழசு, அவர் பழசு.

பொறாமை அவருக்கு வயிற்றில் வரவில்லை, காலில் வந்தது. டிரைவிங் பள்ளிக் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே புதுசின் கார் வருவதைப் பார்த்தால் அவர் கால் தானாக அதை மிதித்துவிடும். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆள் ஸ்டீரிங்கில் மோதிக்கொண்டு, "நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்று விழிப்பான்.

"என்னையா கேக்கறீங்க! கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா? ரோட்டைப் பாருங்கய்யா!"

கத்துவது அவர் பிறவிக்குணம் என்று சொல்ல முடியாது. கத்தினால்தான் கற்றுக்கொள்வார்கள் என்று அவருடைய வாத்தியார் அவருக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருந்தார். புதுசோ எதற்கும் கத்தியதே இல்லை. குப்பைத்தொட்டியில் ஏற்றினாலும் "பரவாயில்லைங்க, தொட்டி அங்க இருக்கக் கூடாது" என்பார்.

ஒருநாள் இரண்டு பேரும் வாளியும் துணியுமாகக் கார் கழுவிக்கொண்டிருந்தபோது, பழசு ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"உங்களுக்கு இந்தப் பேரை யாரு வச்சா?"

"அம்மாண்ணே. பிரசவ வலி எடுத்தப்ப ஒரு டாக்சிக்காரர் மூணு சிக்னலைத் தாண்டிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்தாராம். காசு வாங்கலையாம். அவர் பேருதான் எனக்கு. உங்களுக்குண்ணே?"

பழசு துணியைப் பிழிந்தார். இங்கேயும் அவன் முந்திக்கொண்டான். வாத்தியாருக்கு டிரைவர் பெயர்! தொழிலுக்கென்றே தைத்ததுபோல் இருக்கிறது. இவருடையது ஒரு வக்கீலின் பெயர். அதுவும் விழுந்துபோன சுவருக்கு வாதாடியவர்.

"பெரியவங்க வச்சது," என்றார்.

அந்த நாட்களில்தான், ஒரு மத்தியானம், தையல்காரம்மா ஒருத்தி வந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது, கழுத்தில் அளவெடுக்கும் நாடா, எடுத்துவைக்க மறந்து அப்படியே வந்துவிட்டாள். ஆபீஸ் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். புதுசு பாடம் எடுக்க வண்டியோடு லைனில் இருந்தார். வாசலில் பழசு தனியாக நின்றார்.

தையல்காரம்மா அவர் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரை, சுத்தமாக, ஒட்டுப் போடாமல். "அவர் இருக்காருங்களா? என் கஸ்டமர் ஒருத்தங்க சொன்னாங்க, தங்கமான மனுஷனாம், திட்டவே மாட்டாராம். அவர்கிட்டன்னா நான் கத்துக்கறேன். எனக்கு யாராவது சத்தம் போட்டாக் கை நடுங்கும்."

பழசுக்கு எல்லாம் புரிந்தது. எவன் பெயர், எவன் புகழ், யாரைத் தேடி வந்திருக்கிறாள் எல்லாம் புரிந்தது. ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்து எத்தனை காலம்! வாய், மூளையைக் கேட்கவில்லை.

"நான்தாங்க அவர்," என்றார்.

பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பெயர் அவருடையதுதானே.

அலுவலகப் பக்கமே வராதபடி தெருமுனையிலேயே அவளை ஏற்றி இறக்கினார். தையல்காரம்மாவைப்போல ஒரு மாணவி அவர் தொழில் வாழ்க்கையில் வந்ததில்லை. வண்டியைக் கிளப்பினாள் என்றால் நிறுத்தத் தெரியாது. "நிறுத்துங்க" என்றதும் காலைத் தூக்கிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கார் தன் வழியே போகும். முதல் நாள் ஒரு பழவண்டி தப்பித்தது, மறுநாள் ஒரு கன்றுக்குட்டி. ஒவ்வொரு தடவையும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு, பழசு வாயைத் திறப்பார். தொண்டைவரை வந்துவிட்ட வார்த்தைகள் வரிசையில் நிற்கும். புதுசின் முகம் ஞாபகம் வரும். திறந்த வாயை அப்படியே கொட்டாவியாக்கி மூடிக்கொள்வார்.

"பரவாயில்லைங்க," என்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் நெற்றி நரம்பு புடைத்துவிடும்.

"தூக்கம் இல்லைங்களா சார்? கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கீங்க."

அந்த வாரக் கடைசியில்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தன் பேண்டைச் சுருக்கக் கொடுக்க அவள் கடைக்குப் போயிருந்தார். காலால் மிதிக்கிற பழைய மிஷினில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு வந்ததும் காலை எடுத்துவிட்டு, வலது பக்கச் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாள். மிஷின் சட்டென்று நின்றது. முப்பது வருஷமாக அவள் கையில் இருந்த பிரேக் அது. காரிலும் சக்கரத்தைத்தான் பிடித்திருக்கிறாள், பாவம்.

மறுநாள் காரில் உட்கார்ந்ததும் பழசு சொன்னார்: "அம்மா, இது சக்கரம் இல்லை. இது துணி. துணியை இழுப்பீங்களா?"

"இழுத்தா ஊசி உடைஞ்சிடுமே! லேசா வழிகாட்டணும், அவ்வளவுதான்."

"அப்படியே பிடிங்க. நிறுத்தறது எல்லாம் கால்ல, பிரேக்கை மிதிச்சு. காலை எடுத்தீங்கன்னா ஊசி உடைஞ்சிடும்."

அன்றைக்குக் கார் நின்றது. சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றது. கத்தியிருந்தால் இது தோன்றியிருக்காது என்ற எண்ணம் பழசுக்கு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்திவிட்டார். அது புதுசுக்குச் சாதகமான எண்ணம்.

பகலெல்லாம் விழுங்கியதை எங்கேயாவது கக்கியாக வேண்டுமே? வீட்டில் கக்கினார். மூடாத பிரிட்ஜ் கதவைப் பார்த்துக் கத்தினார், சொட்டும் குழாயைப் பார்த்துக் கத்தினார். "இண்டிகேட்டர் போடாம எதுக்குக் குறுக்க வர்றே!" என்று சமையலறை வாசலில் மனைவியைப் பார்த்தும் கத்தினார்.

"யாரோட கோபத்தையோ இங்க கொண்டுவந்து கொட்டாதீங்க," என்றாள் மனைவி. "கூட்டி அள்ளுறது நான்தான்."

தையல்காரம்மா தேர்வில் தேறிவிட்டாள். நன்றிக்கு, காரில் முதுகுக்கு வைத்துக்கொள்கிற மெத்தை ஒன்றைத் தன் கையாலேயே தைத்து, நீல உறை போட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். பெயரைச் சொல்லி, "அந்தப் பொறுமையான சாருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். ஆபீஸ் அக்காவுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பழசு லைனிலிருந்து திரும்பி வந்தபோது, நிழலில் நின்ற காரில் நீல மெத்தையில் சாய்ந்துகொண்டு புதுசு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ அன்பாக் குடுத்தாங்களாம்ணே. யாருன்னே ஞாபகம் வரலை. சுகமா இருக்கு."

பழசு மனதுக்குள் கணக்குப் போட்டார். திட்டினால் அது அவர் கணக்கு. திட்டாமல் இருந்தால் அது அவன் கணக்கு. இந்தப் பெயருக்குள் நல்லது எது போனாலும் அந்தப் பக்கமாகவே வடிகிறது. என்னுடையது என்று கேட்டு வாங்கலாம். கேட்டால், அவள் தேடிவந்த ஆள் நீங்கள் இல்லையே என்பார்கள். தன் பெயரைத் தானே திருடிக்கொண்ட மனிதன் எந்த முகத்தோடு புகார் கொடுப்பான்? அன்று முழுவதும் முதுகு வலித்தது. அதுவரை வலித்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரம்மாவே தன் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, சொன்ன இடத்தில் நிறுத்தி, இறங்கினாள். புதுசின் முதுகுக்குப் பின்னால் நீலத்தைப் பார்த்தாள்.

"இது இவருக்கா தச்சேன்?" என்று ஆபீஸ் அக்காவைக் கேட்டாள். "இவர் முதுகுக்கு இது பாதிகூடப் பத்தாதே. குள்ளமா, பரந்த முதுகா இருப்பாரே, அவருக்குத் தச்சது. நாடா வைக்காமத் தைப்பேன். ஆள் மாத்தித் தைக்க மாட்டேன்."

"பழசுக்கா?" ஆபீஸ் அக்கா சிரித்துவிட்டாள். "அம்மா, அவர் கத்துனா எங்க ஜன்னல் கண்ணாடி அதிரும். நீங்க சொல்றது இவரை."

"என்ன பழசு? துணியா அவர்?" தையல்காரம்மா வாசலில் நின்ற நம் வாத்தியாரைப் பார்த்து, அவர் பெயரை உரக்கச் சொல்லி, 'சார்' போட்டாள். "நான் பழவண்டியில விடப் பார்த்தேன், கன்னுக்குட்டி மேல விடப் பார்த்தேன். ஒரு வார்த்தை? ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? கொட்டாவிதான் விட்டார். இவரை மாதிரிப் பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை."

புதுசு மெத்தையை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். "பரவாயில்லைண்ணே. உங்களுக்குத்தான் பொருத்தம்." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பழசுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஜெயித்த அன்றைக்காவது எதிரிக்குக் கொஞ்சம் வயிறு எரிய வேண்டாமா?

இரவிக்கை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் தையல்காரம்மா இவர் புகழை அளந்தாள். ஆட்கள் வந்தார்கள். "அந்தப் பொறுமைக்காரர்" என்றுதான் கேட்டார்கள். ஆபீஸ் அக்கா யோசிக்கிறவள் இல்லை, பழகிக்கொள்கிறவள். பழசு என்ற பேச்சை விட்டாள். இனிமேல் நம்மவர் 'பொறுமையானவர்'. அந்தப் பக்கம் இருப்பவர் 'இன்னொருத்தர்'. காலையில் ஜன்னல் திறந்து, அந்தப் பெயர் 'சாரோடு' மறுபடி தெருவில் விழுந்தது. வாத்தியார் டயரைப் பார்க்கக் குனிந்தார். வாழ்க்கை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரே சங்கடம், இனிமேல் வாழ்நாள் முழுக்கக் கத்த முடியாது. வீட்டுக் குழாய்க்குத்தான் அது கஷ்டகாலம்.

அவர் ரொம்ப நாளாக மனதுக்குள் வைத்திருந்த ஆசை ஒன்று இருந்தது. ஊரே சொல்கிற பெயரை மனைவி வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது நைசாகக் கேட்டும் பார்த்தார்.

"உனக்கு என் பேரு தெரியுமா?"

"ரேஷன் கார்டுல இருக்கு, போய்ப் பாருங்க," என்று அவள் தண்ணீரை வைத்தாள்.

அவள் அதைச் சொன்ன நாளும் வந்தது. அன்று காலை அவர் அவசரத்தில் வீட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி, தானாகப் பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே இரண்டு பையோடு நின்றாள். பாடம் நடக்கும்போது வாத்தியார்கள் செல்போனை அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். போன் இழுப்பறைக்குள் கிடந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவள் அலுவலக எண்ணுக்கு அடித்தாள். 'என்னங்க'வைக் கூப்பிடுங்கள் என்று ஊராரிடம் கேட்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, கணவன் பெயரைச் சொன்னாள்.

"எந்த அவரு?" என்றாள் ஆபீஸ் அக்கா. "இங்க ரெண்டு பேர் இருக்காங்க. பொறுமையானவரா?"

மனைவி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பொறுமையானவரா? இல்லீங்க, இல்லீங்க. அவர் இல்லை. இன்னொருத்தர் இருப்பாரு பாருங்க, அவரைக் குடுங்க."

ஆபீஸ் அக்கா போனைப் புதுசிடம் கொடுத்தாள்.

ஊருக்கு ஒதுக்குப்புறமான மைதானத்தில் நம் வாத்தியார் ஒரு பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் புதுசு வந்து நின்றார்.

"அண்ணே, அண்ணி போன் பண்ணாங்க. சாவி உங்ககிட்டயாம். வாசல்ல நிக்கிறாங்க."

"ஏன் என்னைக் கூப்பிடலை?"

"உங்களைத்தாண்ணே கூப்பிட்டாங்க. பேரைச் சொல்லி. நான் எடுத்து 'சொல்லுங்க'ன்னேன். 'குரல் ஏன் இப்படி இருக்கு, தொண்டை கட்டிடுச்சா'ன்னு மறுபடியும் பேரைச் சொல்லிக் கேட்டாங்க." புதுசு ஹெல்மெட்டைக் கழற்றினார். "அழகாச் சொல்றாங்கண்ணே. நம்ம பேரை இவ்வளவு அழகா யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

நம்ம பேர். பழசின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

"எப்படிச் சொன்னா?"

"அதாண்ணே, பேரைத்தான்..."

"எப்படின்னு கேக்கறேன்! நீட்டியா? கட் பண்ணியா?"

புதுசு சொல்லிக் காட்டினார். கடைசி எழுத்தை லேசாக இழுத்து, ஒரு 'ங்க' வைத்து. பழசு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். பிறகு பழசு, தன் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பும்படி பல் டாக்டரம்மாவிடம் சொன்னார். அந்த வழி முழுவதும் அவர் வாயைத் திறக்கவே இல்லை. இவரைப் பொறுமைசாலி என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டாள்.

மனைவி வாசற்படியில் இரண்டு பைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் இறங்கிப் போய் எதிரில் நின்றார். பாக்கெட்டுக்குள் சாவியைப் பிடித்தபடியே கேட்டார்.

"போன்ல என்னைக் கூப்பிட்டியாமே."

"ஆமாம். யாரோ எடுத்தாங்க."

"எங்கே, என்கிட்ட ஒரு தரம் சொல்லு."

"எதை?"

"அவன்கிட்டச் சொன்னதை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல உக்காந்திருக்கேன். பால் கெட்டுடும். சாவியைக் குடுங்க."

"சொல்லு, தர்றேன்."

அவர் நகரவில்லை, அவளும் நகரவில்லை. பால் பாக்கெட்டிலிருந்து நீர் கோத்துப் படியில் சொட்டியது. கார் ஜன்னலில் பல் டாக்டரம்மா கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, நேராகக் காரிடம் போனாள்.

"ஏம்மா, உங்க வாத்தியார் பேரு என்ன?"

டாக்டரம்மா மரியாதையாக, 'சார்' சேர்த்து, முழுப் பெயரையும் சொன்னாள்.

"கேட்டீங்கல்ல?" என்று மனைவி திரும்பிக் கையை நீட்டினாள். "அதேதான் நானும் சொன்னேன். சாவி."